பழைய பாக்ஸ்டர் வாங்கும்போது லெதர் ஒரு காரணமா?

லண்டன்_கிழக்கு:
வணக்கம். கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே பாக்ஸ்டர் எஸ் வாங்கப் பல வருடமாகக் காசு சேர்த்தேன். தேடுவது 987 மாடல், 2007, 3.4 லிட்டர், 295 குதிரைத்திறன், மேனுவல் கியர். இப்போது இரண்டு கார்கள் கைக்கெட்டும் விலையில் வந்திருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலைதான்.

முதல் கார் 61,000 மைல் ஓடியது. உள்ளே ஃபுல் லெதர். சீட் மட்டுமில்லை, டாஷ்போர்டு, கதவு எல்லாம் மணல் நிற பீஜ் தோல். ஆனால் சர்வீஸ் புத்தகத்தில் நான்கு வருடத்துக்கு முத்திரை இல்லை.

இரண்டாவது 88,000 மைல். சீட் மட்டும் கறுப்பு லெதர், மற்றதெல்லாம் பிளாஸ்டிக். ஆனால் எல்லா பில்லும் ஒரு கோப்பில் இருக்கின்றன. இரண்டு வருடத்துக்கு முன் கிளட்ச் மாற்றியிருக்கிறார்கள்.

முதல் காரில் உட்கார்ந்த பிறகு இறங்க மனமே வரவில்லை. “தோலைப் பார்த்தா கார் வாங்குவது?” என்று என் அண்ணன் கோபப்படுகிறார். உங்கள் கருத்து என்ன?

கிளட்ச்கால்:
உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி. இந்த என்ஜினைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 987-ன் முதல் தலைமுறை 3.4 என்ஜினில் சிலிண்டர் சுவரில் கோடு விழும் நோய் உண்டு. கோடு விழுந்தால் எண்ணெய் குடிக்கும், டக் டக் என்று தட்டும். கடைசியில் என்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டி வரும். அதற்கு ஆகும் செலவு சில சமயம் காரின் விலையையே தொட்டுவிடும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கலாம். எண்ணெய்ச் சட்டியைக் கழற்றி அடியிலிருந்து பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பணம் கொடுப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

நான்கு வருடம் எண்ணெய் மாற்றினார்களா இல்லையா என்றே தெரியாத காரில் தோல் எந்த நிறமாக இருந்தால் என்ன?

இன்னொன்று. ஸ்போர்ட்ஸ் காரின் மதிப்பு தோலில் இல்லை. 1987-ல் வந்த ஃபெராரி எஃப்40-ல் தரைவிரிப்பு கிடையாது, சீட் துணி, கதவைத் திறக்க ஒரு கயிறு. இன்று அதன் விலை தெரியும்தானே. பாக்ஸ்டரிலேயே 2010-ல் வந்த ஸ்பைடரை எடுங்கள். எடை 1,275 கிலோ, பாக்ஸ்டர் எஸ்-ஐவிட 80 கிலோ குறைவு. அதிலும் கதவு திறக்கத் துணி வார்தான். ஃபுல் லெதர் எஸ்-ஐவிட அதற்குத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

மாலைவெயில்:
கிளட்ச்கால் அண்ணா, என்ஜின் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. கேமரா பரிசோதனை இரண்டு காருக்கும் வேண்டும். ஆனால் எஃப்40-ஐ உதாரணம் காட்டுவது பொருந்தாது. அது பந்தயக் காருக்குப் பக்கத்தில் நிற்கும் வண்டி. அதில் துணி சீட் இருப்பது எடைக்காக. இவர் பார்க்கும் இரண்டாவது காரில் பிளாஸ்டிக் இருப்பதற்குக் காரணம் எடை இல்லை. முதல் உரிமையாளர் அந்த ஆப்ஷனுக்குப் பணம் கட்டவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். முன்பு என்னிடம் 986, அதாவது 987-க்கு முந்தைய பாக்ஸ்டர், இருந்தது, பிளாஸ்டிக் உள்புறம். பட்டன், கைப்பிடியெல்லாம் ரப்பர் மாதிரி மெல்லிய பூச்சோடு வந்திருந்தது. நகம் பட்ட இடமெல்லாம் கீறல், அப்புறம் பிசுபிசுப்பு, அப்புறம் உரிதல். ஓட்ட அருமையான கார்தான். ஆனால் வார இறுதியில் மட்டும் எடுக்கும் வண்டி அது. கை படும் இடம் ஒவ்வொன்றும் என்னை உறுத்தியது. ஆறு வருடம் பொறுத்துக்கொண்டு விற்றுவிட்டேன். என்ஜினுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

கிளட்ச் தேய்ந்தால் மாற்றலாம், ரேடியேட்டர் ஓட்டையானால் மாற்றலாம். ஃபேக்டரியில் போடாத ஃபுல் லெதரைப் பிறகு போட முயன்றால் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கியே அலுத்துவிடும். அதனால் உள்புறத்தை முதலில் பாருங்கள், மற்றதைப் பேரத்தில் சேருங்கள்.

நூலும்ஊசியும்:
நான் சென்னை ஜி.பி. ரோட்டில் சீட் கவர் தைக்கப் பழகியவன். இப்போது லெஸ்டரில் கார்களுக்கு உள்புற வேலை செய்கிறேன். இருவருமே தோலை அழகா அழகில்லையா என்று மட்டும் பார்க்கிறீர்கள். என் கைக்கு அது ஒரு சாட்சி.

இந்தக் கால கார் தோலின் மேல் நிறமும் பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். உங்கள் கை தொடுவது அந்தப் பூச்சைத்தான். தைலம் பூசினால் தோல் குடிக்கும் என்பதெல்லாம் பூச்சில்லாத பழைய தோலுக்குச் சொன்னது. பூச்சுள்ள தோலைக் கெடுப்பது வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உராய்வும்தான். பாக்ஸ்டர் உயரம் குறைந்த கார். ஏறும்போதும் இறங்கும்போதும் ஓட்டுநர் சீட்டின் கதவோரத் திண்டில் உடம்பு தேய்ந்துதான் ஆக வேண்டும். 61,000 மைல் ஓடிய காரில் அந்தத் திண்டு புதிது போல இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

சாயம் அடித்திருக்கிறார்களா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தையல் நூலைப் பாருங்கள். ஸ்ப்ரே அடித்திருந்தால் நூலும் துளையும் தோலும் ஒரே நிறமாக ஒட்டிக் கிடக்கும். பக்கத்து சீட்டின் நூலோடு ஒப்பிட்டால் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது டாஷ்போர்டு. தோல் சூட்டில் ஈரம் இழந்து சுருங்கும். கூரை திறந்த காரில் வெயில் நேராக அதன் மேல் விழுகிறது. ஏசி துவாரத்தின் ஓரம், முன்கண்ணாடியின் அடி, பயணி பக்க ஏர்பேக் மூடியின் விளிம்பு, இந்த மூன்று இடத்திலும் விரலை ஓட்டிப் பாருங்கள். தோல் தூக்கிக்கொண்டிருந்தால் அதைத் திரும்ப ஒட்டுவது சின்ன வேலை இல்லை.

சீட் வேலையைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள், தம்பி. 987-ல் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் திண்டுக்குள்ளேயே இருக்கிறது. அது விரியும்போது தையல் பிரிய வேண்டும். அந்த இடத்தில் சாதாரண கெட்டி நூலால் தைத்துவிட்டாலோ மேலே உறை மாட்டினாலோ ஏர்பேக் சரியாக விரியாமல் போகலாம். ஊரிலும் இங்கேயும் இதை யோசிக்காமல் தைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மனசு பதறும்.

கிளட்ச்கால்:
இதைத்தான் நானும் கேட்கிறேன். சாயம் அடித்து மறைக்க முடியும் என்றால் அந்தச் சாட்சியை எப்படி நம்புவது? பெடல் ரப்பரும் கியர் குமிழும் எப்படித் தேய்ந்திருக்கின்றன என்று பாருங்கள். எம்ஓடி, அதாவது இங்கே வருடாவருடம் காருக்குச் செய்யும் தகுதிச் சோதனை, அதன் வரலாறு அரசாங்கத் தளத்தில் இலவசம், நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் போதும். ஒவ்வொரு சோதனையிலும் எத்தனை மைல், எதற்கு எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று வரும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும், அது தயாரான வாரமும் வருடமும். நான்கும் வேறு வேறு கம்பெனி டயர் என்றால் அந்த ஆள் பணத்தை எங்கே மிச்சம் பிடித்தார் என்று தெரிந்துவிடும்.

சென்னை_மதியம்:
நான் சென்னையிலிருந்து. கூரை திறந்து நிறுத்திய காரில் கறுப்புத் தோல் சீட்டில் மதியம் உட்கார்ந்தால் தொடை வெந்துவிடும். என்னைக் கேட்டால் துணி சீட்டுதான். உடம்பு வழுக்காமல் பிடிக்கும், வேர்வையும் குறைவு. 1976-ல் வந்த முதல் கோல்ஃப் ஜிடிஐ-யில் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் வடிவமைத்த கட்டம்போட்ட துணி சீட்டை இன்றும் ஃபோக்ஸ்வாகன் விடாமல் வைத்திருக்கிறது. தோல் இல்லாமலும் ஒரு காரின் உள்புறம் மனதில் நிற்கும்.

மாலைவெயில்:
சென்னைக்கு அது நியாயம். லண்டன் வெயிலுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. பீஜ் டாஷ்போர்டில் எனக்கு இருக்கும் ஒரே குறை, வெயில் நாளில் முன்கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு வெள்ளையாகத் தெரியும். வாங்கும் முன் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

லண்டன்_கிழக்கு:
நேற்று முதல் காரைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். எம்ஓடி மைல்கள் வரிசையாகச் சரியாக வருகின்றன, யாரும் பின்னால் திருப்பவில்லை. ஆனால் ஓட்டுநர் சீட்டின் நூல் தோலின் நிறத்திலேயே இருக்கிறது, பயணி சீட்டின் நூல் கொஞ்சம் வெளிறிய நிறம். கேட்டதும் உரிமையாளர் ஒத்துக்கொண்டார், போன வருடம் சாயம் அடித்தாராம். ஏர்பேக் மூடி ஓரம் ஒழுங்காக இருக்கிறது.

சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு விரிப்பை அழுத்தினேன். விரல் நனைந்தது. சீட்டின் அடித் தையலில் சாம்பல் நிறப் பூஞ்சை.

நூலும்ஊசியும்:
கூரை மடியும் இடத்துக்குக் கீழே தண்ணீர் வடியும் துளைகள் உண்டு. இலை அடைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். வருடத்துக்கு இரண்டு தடவை சுத்தம் செய்தால் போதும், அதைச் செய்யவில்லை. தோலில் பூஞ்சையைத் துடைத்துவிடலாம். ஆனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் மின்னணுப் பெட்டி நனைந்தால் பூட்டும் அலாரமும் கோளாறு பண்ணும். அடுத்த தடவை போகும்போது சாவியை வைத்துப் பத்துத் தடவை பூட்டித் திறந்து பாருங்கள்.

கிளட்ச்கால்:
முத்திரை இல்லாத நான்கு வருடம் எப்படிப் போனது என்று இப்போது புரிகிறது. துளையைச் சுத்தம் செய்யாதவர் எண்ணெயை மட்டும் மாற்றியிருப்பார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

மாலைவெயில்:
அந்த விரிப்பு நனைந்தது எனக்கும் வருத்தம்தான், அந்தக் காரை விடுங்கள். ஆனால் நான் சொன்னதை மாற்ற மாட்டேன். அவசரப்பட்டு பிளாஸ்டிக் காருக்குப் போகாதீர்கள். ஃபுல் லெதரும் பில்லும் சேர்ந்த கார் வரும், ஆறு மாதம் காத்திருக்கலாம். உட்கார்ந்ததும் இறங்க மனம் வரவில்லை என்று நீங்களே எழுதினீர்கள். இரண்டாவது காரைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை உங்களிடமிருந்து வரவில்லையே?

லண்டன்_கிழக்கு:
உண்மை, வரவில்லை. அதைத்தான் இரவு முழுக்க யோசித்தேன். வியாழக்கிழமை இரண்டாவது காரைப் போர்ஷே வேலை தெரிந்த ஒரு கராஜுக்குக் கொண்டுபோய்க் கேமரா விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டேன். சிலிண்டர் சுத்தமாக இருந்தால் வாங்குகிறேன். நூலும்ஊசியும் அண்ணா, கை படும் இடத்தில் மட்டும் பிறகு தோல் போட முடியுமா? கதவின் கைதாங்கி, நடுப் பெட்டி மூடி, முடிந்தால் டாஷ்போர்டும்.

நூலும்ஊசியும்:
கைதாங்கியும் பெட்டி மூடியும் ஒரு நாள் வேலை. கதவின் மேல்பகுதியைத் தொட மாட்டேன், தலைக்கான ஏர்பேக் அங்கிருந்துதான் எழும்பும். டாஷ்போர்டும் வேண்டாம், ஏர்பேக் மூடியில் கை வைக்க மாட்டேன். நூல் என்ன நிறம் என்று காரைக் கொண்டு வரும்போது சொல்லுங்கள்.