புதுப்பிப்பு: யானைப் படை விலை பற்றிய என் புலம்பல்

போன வாரம் இதே இழையில், சோழர் மாடில் (mod, அதாவது கணினிப் போர் விளையாட்டின் சோழர் கால மாற்று வடிவத்தில்) யானைப் படை ரொம்ப மலிவு, நாலு யானையை முன்னால் விட்டால் ஆட்டமே முடிந்தது, விலையை இரட்டிப்பாக்குங்கள் என்று புலம்பியிருந்தேன். சரி, பாதித் தப்பு என்னுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் நண்பன் வீட்டு மாடியில், நடுவில் ஒரு தடவை கரண்ட் போய் வந்தும் விடாமல் ஆடிப் பார்த்தோம்; அவன் மற்ற யானைகளைச் சீண்டாமல் வில்லாளிகள் எல்லோரையும் என் தளபதி ஏறியிருந்த யானை மேலேயே ஏவினான், தளபதி விழுந்ததும் என் யானைகள் மிரண்டு திரும்பி என் காலாட்படையையே மிதித்துக்கொண்டு ஓடின. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசர் ராஜாதித்தனுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதானே, 'ஆனைமேல் துஞ்சிய', அதாவது யானை மேலேயே இறந்த, என்ற அடைமொழியே அவருக்கு உண்டு. ஆக, விலை அப்படியே இருக்கட்டும்.

கப்பல் விஷயத்தில் மட்டும் பின்வாங்க மாட்டேன். 1025-இல் கடாரம் (இன்றைய மலேசியாவின் கெடா) வரை படை அனுப்பிய ராஜேந்திரனின் கப்பல், இந்த விளையாட்டில் நாகப்பட்டினத்திலிருந்து ஈழத்துக்குப் போகவே மூன்று சுற்று எடுக்கிறது. மீன்பிடிப் படகே முந்திவிடும்! என் கணினியில் வேக எண்ணை மாற்றிவிட்டேன், ஒரே வரிதான், வேண்டுமென்றால் கேளுங்கள்.