அடையாறு முகத்துவாரத்தில் பார்த்தது எந்த உள்ளான்?

வணக்கம். மார்ச் முதல் ஞாயிறு காலை, சென்னை உடைந்த பாலத்துப் பக்கம் நின்றிருந்தேன். சேற்றில் கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைகளோடு, அவற்றைவிடச் சற்றுப் பெரிய பறவை ஒன்று. கறுத்த கால், நுனி கீழ்நோக்கி வளைந்த நீள அலகு, சாம்பல் நெஞ்சில் அங்கங்கே செங்கல் நிறத் திட்டு. வளைமூக்கு உள்ளான்தான், வலசை முடிந்து ஊர் திரும்புமுன் இனப்பெருக்கக் கால நிறத்துக்கு மாறுகிறது என்று நினைத்தேன். கூட வந்தவரோ அதேபோன்ற இன்னொரு உள்ளானான டன்லின் என்கிறார். பறந்திருந்தால், வளைமூக்கு உள்ளானுக்கு இருப்பதுபோல் பிட்டம் முழு வெள்ளையா என்று பார்த்திருக்கலாம். அது அசையவே இல்லை! கைபேசிப் படத்தில் வெறும் புள்ளிதான். உட்கார்ந்திருக்கும்போது இரண்டையும் எப்படிப் பிரிப்பது? அப்புறம், அங்கே ஓதம் (கடல் நீர்மட்டம்) வற்றும் நேரம் போவது நல்லதா, ஏறும் நேரமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்களேன்.