புதுப்பிப்பு: சில பாட்டில் மட்டும் பொங்கியது ஏன்?

ஒரே தொகுப்பு வீட்டு பியரில் நாலைந்து பாட்டில் மட்டும் மூடி திறந்ததும் நுரையாகப் பொங்கியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பாட்டிலில் அடைக்குமுன் வாயுவுக்காகச் சேர்க்கும் சர்க்கரை அதிகம் என்று அப்போது சொன்னது தவறு. மொத்தக் கலவையில் சர்க்கரை நன்றாகக் கலந்திருந்தால் எல்லாப் பாட்டிலும் ஒரேபோலத்தான் பொங்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொங்கினால் முதலில் பாட்டிலைப் பாருங்கள்.

காலிப் பாட்டிலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் கழுத்துக்குக் கீழே மங்கலாய் ஒரு வளையம் தெரியும். காய்ந்த ஈஸ்ட்டும் புரதமும்தான் அது. கிருமிநாசினி அதன் மேல்பரப்பை மட்டும் தொடும், உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி பிழைத்து, மூடிய பாட்டிலில் கூடுதல் வாயுவை உண்டாக்கிப் பொங்கவைக்கும். அதனால் முதலில் அழுக்கு போகவேண்டும்: லிட்டருக்கு 5 கிராம் சோடியம் பெர்கார்பனேட் (ஆக்சிஜன் வெளியிட்டு அழுக்கு நீக்கும் தூள்), கை பொறுக்காத சூட்டு நீர், ஓர் இரவு ஊறல், பிறகு பிரஷ். லேபிள் பசையும் கூடவே கழன்றுவிடும். கடினத் தண்ணீரில் வெள்ளைப் படலம் படிந்தால் வினிகர் போதும்.

நன்றாக அலசியபின் ஸ்டார் சான் (அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநாசினி), லிட்டருக்கு 1.6 மி.லி., ஒன்றிரண்டு நிமிடம். கவிழ்த்து வடியவிட்டு நிரப்புங்கள். மிஞ்சிய நுரை கெடுதல் செய்யாது, மறுபடி குழாய்த் தண்ணீரில் அலசுவதுதான் கெடுதல்.

பிளீச் வேண்டாம். சரியாக அலசாத குளோரின் பியரில் உள்ள ஃபீனால் என்ற சேர்மங்களோடு சேர்ந்தால் ஆஸ்பத்திரி வாடைதான்.