டிஷ்யூ கம்பார்ட்மென்ட்: 'திசு அறை' வேண்டாம், 'தேக்கி' போதும்

அனைவருக்கும் வணக்கம்.

கடலில் மூழ்குபவரின் உடம்பில் நைட்ரஜன் சேர்வதைக் கணக்கிடப் பயன்படும் 'டிஷ்யூ கம்பார்ட்மென்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டு நான் தொடங்கிய இழை இவ்வளவு நீளும் என்று நினைக்கவில்லை. திசு அறை, இழையக் கூறு, வாயுப் பெட்டி, வளித்தேக்கி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. தனித்தனியாக எழுதாமல் எல்லாருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன். டைவ்மாஸ்டர் (மூழ்குபவர்களை வழிநடத்துபவர்) தியரித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பதால் பாடம் இப்போதைக்குத் தலையில் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் பாதி போய்விடும், அதற்குள் சொல்லை முடித்துவிடுவோம்.

முதலில் பொருள். சிலிண்டரில் நாம் கொண்டுபோகும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் 10 மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட நைட்ரஜன் உடம்பில் அதிகமாகக் கரையும், மேலே ஏறும்போது அது வெளியேற வேண்டும். அவசரப்பட்டு ஏறினால் உள்ளேயே குமிழியாகிவிடும். உடம்பில் நைட்ரஜன் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று கணக்குப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பாய்காட், டாமன்ட் இருவரோடும் சேர்ந்து, ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்து, 1908-இல் கட்டுரை வெளியிட்டார். உடம்பு முழுக்க ஒரே வேகத்தில் நைட்ரஜனை வாங்குவதில்லை என்பதால், கணக்குக்காக உடம்பை ஐந்தாகப் பிரித்துக்கொண்டார். ஒன்றுக்கு 5 நிமிடம், மற்றவற்றுக்கு 10, 20, 40, 75. இந்த ஐந்தில் ஒவ்வொன்றும்தான் நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் கம்பார்ட்மென்ட். அந்த நிமிடக் கணக்கு, அதாவது மிச்சமிருக்கும் இடைவெளியில் பாதி நிரம்ப ஆகும் நேரம், ஹாஃப்-டைம்.

> மருத்துவத்தில் டிஷ்யூ என்றால் திசு என்று நிலைபெற்றுவிட்டது. ஆங்கிலத்தில் இருக்கும் சொல்லை நாம் ஏன் கழற்ற வேண்டும்? 'திசு அறை' என்றே வைக்கலாம்.

மருத்துவர் ஐயாவோடு இதில் மட்டும் உடன்பட முடியவில்லை. ஹால்டேன் ஐந்து என்றார். அமெரிக்கக் கடற்படையின் அட்டவணை அதை ஆறாக்கி 120 நிமிடம் வரை நீட்டியது. பொழுதுபோக்குக்காக மூழ்குபவர்கள் கையில் வைத்திருக்கும் ஆர்டிபி (ரிக்ரியேஷனல் டைவ் பிளானர்) அட்டவணைக்குப் பின்னால் இருப்பவை 14. சூரிக்கில் பூல்மன் உருவாக்கிய கணக்கில் 16, அதில் மிக மெதுவானது 635 நிமிடம். நம் கைக்கடிகாரக் கணினிகள் பலவற்றுக்குள் ஓடுவது அந்தப் பதினாறுதான். மனித உடம்பு என்னவோ ஒன்றுதான், கணக்குப் போடுகிறவரைப் பொறுத்து எண்ணிக்கை ஐந்திலிருந்து பதினாறு வரை போகிறது. இவை உடம்பைத் திறந்தால் கிடைக்கும் உறுப்புகள் என்றால் இப்படி மாறுமா?

தேர்வுப் பாடத்தில் இதையே தனியாக அழுத்திச் சொல்கிறார்கள்: இந்தக் கம்பார்ட்மென்டுகளில் எதுவும் குறிப்பிட்ட ஒரு உடற்பகுதியோடு நேராகப் பொருந்தாது, எல்லாம் கணக்குக்கான கற்பனை. 'ஐந்து நிமிடத் திசு அறை' என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்த கேள்வி என்ன வரும்? "அது எந்தத் திசு? ரத்தமா, மூளையா?" ஆங்கிலத்தில் படிப்பவருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. பழைய பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது, அவர்களால் கழற்ற முடியவில்லை. நாம் இப்போதுதான் பெயர் வைக்கிறோம், அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்வானேன்?

'அறை'யிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. குமிழி நோய் வந்தவரைப் படுக்கவைத்துச் சிகிச்சை தருவதும் அழுத்த அறைதான். ஒரே பக்கத்தில் இரண்டு அறைகள் வந்தால் படிப்பவர் எதற்குள் யார் இருக்கிறார் என்று தேடவேண்டியிருக்கும்.

'இழையக் கூறு' அனுப்பிய யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கும் இதே பதில்தான். திசு, இழையம் எதுவானாலும் உடற்பகுதியைச் சுட்டுவதுதான் எனக்குப் பிரச்சினை. மற்றபடி இந்தியாவில் அழுத்தம், நைட்ரஜன், இலங்கையில் அமுக்கம், நைதரசன் என்று இருப்பதைச் சொற்பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் போடலாம். தூத்துக்குடியில் கம்ப்ரசர் குழாயில் மூச்சு வாங்கிச் சங்கு எடுப்பவருக்கும், மன்னார்ப் பக்கம் கடலட்டைக்கு இறங்குபவருக்கும் ஆபத்து ஒன்றுதானே. ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்குகிற அவர்களுக்குத்தான், சான்றிதழுக்காகப் படிக்கிற என்னைவிட, இந்தக் கணக்கு அதிகம் தேவை.

'வாயுப் பெட்டி' பற்றி ஒரு வரி போதும். "உங்கள் உடம்பில் வாயு சேர்ந்திருக்கிறது, அதனால் இன்னும் ஒரு மணி நேரம் இறங்கக் கூடாது" என்று படகில் வைத்து ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்.

இனி, 'வளித்தேக்கி'யில் உள்ள தேக்கியை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்கிறேன். அதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தேர்வில் அடிக்கடி வரும் வகை இது. 5 நிமிடக் கம்பார்ட்மென்ட் ஒன்று, சுத்தமாக, அதாவது கூடுதல் நைட்ரஜன் எதுவும் இல்லாமல், 18 மீட்டருக்குப் போகிறது. அழுத்தத்தைக் கடல்நீர் மீட்டரிலேயே அளக்கிறோம். ஐந்தாம் நிமிடத்தில் இடைவெளியில் பாதி நிரம்பி 9. பத்தாம் நிமிடத்தில் மிச்சமிருந்த ஒன்பதில் பாதியும் சேர்ந்து 13.5. பதினைந்தில் 15.75. இருபதில் 16.875. இப்படியே போனால் 18-ஐத் தொடவே தொடாது. ஆகவே ஆறு ஹாஃப்-டைம் ஆனதும், அதாவது முப்பதாவது நிமிடத்தில், நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்போது உண்மையில் 17.72 இருக்கும்.

மிச்சத்தை மட்டும் பின்னத்தில் எழுதிப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. முதல் சுற்றில் மிச்சம் அரை. அடுத்து கால். அடுத்து அரைக்கால். அப்புறம் வீசம், அரைவீசம், கால்வீசம். ஆறு சுற்றுக்கும் நம் பழைய வாய்பாட்டில் ஆயத்தமாகப் பெயர் இருக்கிறது. 1/64 என்றால் இன்று யாருக்கும் ஒன்றும் தோன்றாது. கால்வீசம் மிச்சம் என்றால் என் தாத்தா காலத்து ஆளுக்கு உடனே பிடிபட்டிருக்கும். பட்டியலில் இதைச் சேர்க்கச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னேன்.

இந்த வளைவை இயற்பியல் படித்தவர்கள் வேறோர் இடத்தில் பார்த்திருப்பார்கள். மின்தடை வழியாக மின்தேக்கி மின்னேற்றம் பெறுவது அச்சு அசலாக இதே வளைவில்தான். முதலில் விறுவிறு என்று ஏறும், நிரம்ப நிரம்ப மந்தமாகும், வெளியேறும்போதும் அப்படியே. ஹால்டேன் கணக்கும் மின்தேக்கிக் கணக்கும் ஒரே சமன்பாடு. பள்ளிப் பாடத்தில் ஏற்கனவே இருக்கும் 'தேக்கி' இங்கே வந்து உட்கார்ந்தால் பெயரே பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். இலங்கைப் பாடநூலில் மின்தேக்கியைக் கொள்ளளவி என்பார்கள், அவர்களுக்கு இந்தத் தொடர்பு உடனே தெரியாமல் போகலாம். தேக்குவது என்ற வினை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதானே என்று தேற்றிக்கொள்கிறேன்.

> வளித்தேக்கி என்றால் முதுகில் மாட்டுகிற சிலிண்டர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை, அக்கா. சிலிண்டரை யாரும் சிலிண்டர் என்பதை விட்டு வேறு பெயரில் கூப்பிடப் போவதில்லை என்றாலும், எழுத்தில் படிக்கிறவர் அங்கேதான் போவார். அதனால் 'வளி'யை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. சொற்பட்டியலில் முழு வடிவம் 'கணிப்புத் தேக்கி' என்று இருக்கட்டும். இது கணக்கில் மட்டும் இருப்பது என்பதை முன்னொட்டு சொல்லிவிடும். பேச்சிலும் பாடத்திலும் வெறும் 'தேக்கி'. எப்படியும் நிமிடத்தைச் சேர்த்துத்தான் சொல்வோம்: ஐந்து நிமிடத் தேக்கி, அறுபது நிமிடத் தேக்கி. ஓடவிட்டுப் பாருங்கள்: "அமெரிக்கக் கடற்படை அட்டவணை, மேலே வந்து ஓய்வெடுக்கும் நேரத்தை 120 நிமிடத் தேக்கியை வைத்துக் கணக்கிட்டது. அது காலியாக ஆறு சுற்று, 12 மணி நேரம். ஆர்டிபி 60 நிமிடத் தேக்கியை எடுத்துக்கொண்டதால் 6 மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது." எனக்கு எங்கும் தடுக்கவில்லை.

அடுத்தது ஹாஃப்-டைம். அணு இயற்பியலின் 'அரை ஆயுள்' இங்கே உதவாது. அங்கே ஒன்று தேய்ந்துகொண்டே போகிறது, இங்கே இறங்கும்போது நிரம்புகிறது, ஏறும்போது காலியாகிறது, ஆயுள் முடிகிற பொருள் எதுவும் இல்லை. 'அரையேற்ற நேரம்' என்று ஒருவர் சொன்னது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் காலியாகும் பக்கத்துக்குப் பொருந்தாது. 'அரைக்காலம்' வேண்டவே வேண்டாம், எட்டில் ஒன்றான அரைக்கால் பக்கத்திலேயே நிற்கிறது. மிஞ்சுவது 'அரைநேரம்'. கொஞ்சம் மொட்டையாக ஒலிக்கிறது, காதில் அரை மணி நேரம் என்று விழவும் வாய்ப்புண்டு. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, இதைவிட நல்லது வந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

எம்-வேல்யூ இன்னும் பாக்கி இருக்கிறது. 1965-இல் அமெரிக்கக் கடற்படையின் வொர்க்மன் கொண்டுவந்த பெயர். ஒரு தேக்கி மேற்பரப்புக்கு வரும்போது அதிகபட்சம் எவ்வளவு நைட்ரஜன் அழுத்தத்தோடு வரலாம் என்ற வரம்பு அது. வேகமான தேக்கிக்கு வரம்பு அதிகம், மெதுவானதற்குக் குறைவு. எந்தத் தேக்கி தன் வரம்பை முதலில் தொடுகிறதோ, அதுதான் நாம் எப்போது மேலே கிளம்ப வேண்டும் என்று முடிவுசெய்கிறது. ஆர்டிபியில் 30 மீட்டருக்கு 20 நிமிடம், 18 மீட்டருக்கு 56 நிமிடம் என்று இருக்கிறதே, ஆழத்தில் வேகமான தேக்கி முந்துகிறது, ஆழம் குறைந்த இடத்தில் மெதுவான ஒன்று முந்துகிறது. அப்படி முந்துவதற்கு 'முந்துதேக்கி' என்று குறித்துவைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இதைக் கன்ட்ரோலிங் கம்பார்ட்மென்ட் என்பார்கள், அந்தக் கன்ட்ரோலிங்கைக் 'கட்டுப்படுத்தும்' என்று எழுதினால் நம்மை யாரோ பிடித்துவைத்திருப்பது போல் இருக்கிறது.

எம்-வேல்யூவுக்கு என் கையில் இருப்பது 'உச்ச இருப்பு'. கடைக் கணக்கு வாடை அடிக்கிறது என்று ஏற்கனவே ஒருவர் தனிமடலில் சொல்லிவிட்டார். மாற்றுச் சொல் இருந்தால் அனுப்புங்கள், 'அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச நைட்ரஜன் பகுதி அழுத்த மதிப்பு' மாதிரி மட்டும் வேண்டாம். வகுப்பில் வெள்ளைப் பலகையில் இதைப் பதினாறு தேக்கிக்கும் பதினாறு முறை எழுதப்போவது நான்தான்.