பங்கில் கூடிக் கேட்டது: உங்கள் ஊர் அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடிக்காரன்

எங்கள் கோயில் பங்கில் ஞாயிறு காலைப் பூசை ஆறரைக்கு. அதை ஏழரைக்கு மாற்றலாமா என்று ஒரு கூட்டம். வழக்கமாக எங்கள் கூட்டங்களில் இரண்டு மூன்று பேர்தான் கதைப்பார்கள், மற்றவர்கள் தேத்தண்ணி வரும்வரை இருப்பார்கள். இந்த முறை பாதர் கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்லி, ‘ஆவியாரில் உரையாடல்’ முறையில் செய்வோம் என்றார். 2023 அக்டோபரில் உரோமையில் நடந்த ஆயர்கள் மாமன்றத்தில், அதாவது உலகத் திருச்சபையின் ஆலோசனைக் கூட்டத்தில், கர்தினால்மாரும் சாதாரண விசுவாசிகளான பொதுநிலையினரும் வட்ட மேசைகளில் ஒன்றாக இருந்த படம் பார்த்திருப்பீர்கள். அங்கே கடைப்பிடித்த முறைதான்.

முதல் சுற்றில் ஆளுக்குச் சில நிமிடம், மனதில் உள்ளதைச் சொல்லலாம். யாரும் குறுக்கிடக்கூடாது, பதிலும் சொல்லக்கூடாது. பிறகு கொஞ்ச நேரம் அமைதி. இரண்டாம் சுற்றில் தன் கருத்தைத் திரும்ப நிலைநாட்ட விடமாட்டார்கள். மற்றவர்கள் சொன்னதில் எது தொட்டது, எது உறுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி அமைதி. இனி என்ன செய்யலாம் என்ற பேச்சு மூன்றாம் சுற்றில்தான்.

ஏழரைதான் வசதி என்று ஆறேழு பேர் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கரைவலைத் தொழிலாளி ஒருவரின் மனைவியின் முறை வந்தது. பங்குக் கூட்டத்தில் அவர் வாய் திறந்து நான் கண்டதில்லை.

“விடிய வலை இழுக்கத் தொடங்கினா மீன் ஏத்தி முடிய எட்டு மணி தாண்டும். வலை முதலாளி நம்மட சமயம் இல்ல, அவருக்கு ஞாயிறு என்ன, திங்கள் என்ன. என்ட மனுசன் ஆறரைக்கும் வரமாட்டார், ஏழரைக்கும் வரமாட்டார். நீங்க இப்ப கதைக்கிறது உங்கட நித்திரைக்கு.”

ஒரு சத்தமில்லை. வேறு நாளாக இருந்தால் எங்கள் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஐயா உடனே எழும்பி, ஞாயிறு பூசைக்கு வரவேண்டிய கடனைப் பற்றி நீளமாக விளக்கியிருப்பார். இரண்டாம் சுற்றில் அவர் சொன்னது இவ்வளவுதான்: “பதில் சொல்லத்தான் வந்தநான் தங்கச்சி. சொல்ல ஏலாது என்டதால கேட்டுக்கொண்டிருந்தன்.” அந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாரும் நினைக்கவில்லை!

காலைப் பூசை ஆறரையிலேயே நின்றது. கரைவலைக் காலம் முடியும்வரை சனிக்கிழமை இரவில் ஒரு ஞாயிறு பூசை கூடுதலாக வந்தது. ஏழரை கேட்டவர்களில் சிலருக்கு இன்னும் முகம் சரியில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நெல்வயல் மகள், சொறிக்கல்முனைப் பக்கம்

எங்களிடமும் இதே முறையில் ஒரு கூட்டம். தலைப்பு திருவிழாச் செலவு. சவுதியில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த ஒரு அக்கா தலைப்பை விட்டுவிட்டார். அந்த நாட்டில் கோயில் கட்ட அனுமதியில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு விரல் மடித்துச் செபமாலை சொன்னதாகச் சொன்னார். “ஊருக்கு வந்தா மாதா கோயில் வாசல்ல ஆசையா இருக்கலாம் என்டு வந்தன். வந்த பிறகு என்னப் பத்தி நீங்க கதைச்சது எனக்குத் தெரியும்.”

இரண்டாம் சுற்றில் பலர் ‘பாஸ்’ என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் கோபம். வாய்க்கு வந்ததை வெளியில் கதைக்கத் தெரிந்தவர்களுக்கு, முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லத் தெரியவில்லை. திருவிழாச் செலவு பற்றி அன்று ஒன்றும் முடிவாகவில்லை. ஆனால் அடுத்த கிழமை செபமாலைக்கு அந்த அக்காவின் வீட்டைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் போயின.

பழைய செயலாளர்

நல்ல கதைகள். நான் கொஞ்சம் கசப்பாக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம். பாப்பரசர் பிரான்சிஸ் 2021 அக்டோபரில் எல்லாரையும் கேட்கும் இந்த மாமன்றப் பயணத்தைத் தொடங்கி வைத்த பிறகு எங்களுக்கும் ஒரு கேள்வித்தாள் வந்தது. பிள்ளைகள், விதவைகள், கோயிலுக்கு வராதவர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தோம். அது எங்கே போனது, அதில் என்ன ஏற்றார்கள், எதை ஏன் விட்டார்கள் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. படலையில் நின்று “சொன்னோமே, என்ன ஆச்சு?” என்று கேட்கும் சனத்துக்கு நான் என்ன சொல்ல?

கல்முனைத் தம்பி

கூட்டத்துக்கு வெளியே நடந்த ஒன்று. கேட்பது என்றால் நம் ஆட்களை மட்டும் கேட்பதா என்று இளைஞர் ஒன்றியத்தில் கேள்வி வந்தது. சரி என்று பக்கத்துக் கடைக்கார முஸ்லிம் நானா ஒருவரிடம் போனோம். 2019 உயிர்ப்பு ஞாயிறில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு எங்கள் வீட்டில் அவர் கடைக்குப் போவதை நிறுத்தியிருந்தோம். “சின்னதில இருந்து கண்ட பிள்ளையள். ரோட்டில கண்டா மற்றப் பக்கம் போனீங்க. நானும் கோயிலடியால வர வெட்கப்பட்டு சுத்திப் போனன்” என்றார். நெக்டோ சோடா தந்தார், காசு எடுக்கவில்லை.

மறைக்கல்வி ரீச்சர், தாண்டவன்வெளி

செயலாளர் அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது. திருச்சபைச் சட்டம் 537 பங்கில் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் 536-இன்படி, பங்கு மக்கள் கூடி ஆலோசனை சொல்லும் மேய்ப்புப்பணிச் சபை ஆயர் பொருத்தம் என்று கண்டால்தான். அதற்கும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டுமே. பணத்துக்குக் கட்டாயம், சனத்தின் குரலுக்கு விருப்பம்! 2024 அக்டோபர் 26-இல் மாமன்றம் நிறைவேற்றிய இறுதி ஏடு இந்தச் சபைகளையும் கட்டாயமாக்கக் கேட்கிறது. ஒழுங்காகக் கூடித் தேர்ந்து தெளிந்து சொன்னதை அதிகாரத்தில் இருப்பவர் கணக்கெடுக்காமல் விட முடியாது என்றும், பொறுப்பில் இருப்பவர்கள் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பிரான்சிஸ் தனியாக ஒரு மடல் எழுதாமல் அந்த ஏட்டை அப்படியே ஏற்று வெளியிட்டார். இதை மறைமாவட்டங்களில் நடைமுறைக்குக் கொண்டுவரும் காலம்தான் இப்போது. 2028 அக்டோபரில் வத்திக்கானில் திருச்சபைப் பேரவை கூடும்வரை போகும். ஆகவே கேட்க இதுதான் நேரம். மரியாதையாக, எழுத்தில் கேளுங்கள்.

பழைய செயலாளர்

நன்றி ரீச்சர். இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டேன். கேள்வித்தாளுக்கு எழுதிய பதிலின் மூலப்பிரதி எங்களிடம் இல்லை, ஆனால் அன்று எழுதித் தந்த பிள்ளை எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். அச்செடுத்து, மூன்று பேர் கையெழுத்தோடு பாதரிடம் கொடுக்கப் போகிறோம்.