சூரியகாந்திச் சுழலைக் கையால் வரைய உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். சூரியகாந்திப் பூவின் நடுவே விதைகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கைப் பெரிய தாளில் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக வரைந்து வருகிறேன். இயற்பியலாளர் ஹெல்முட் வோகல் 1979இல் தந்த விதிதான் அடிப்படை: ஒவ்வொரு விதையும் முந்தையதிலிருந்து சுமார் 137.5 பாகை திரும்பும். மையத்திலிருந்து அதன் தூரம் வரிசை எண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப வளரும். இவ்வளவு எளிய விதியிலிருந்து 34, 55 என எதிரெதிர்த் திசைகளில் சுழலும் வரிசைகள் தாமாகவே எழுவதைப் பார்க்க அத்தனை ஆனந்தம்!

கோணத்தில் சிக்கல் இல்லை. ஒவ்வொன்றையும் முதல் கோட்டிலிருந்தே அளப்பதால் பிழை சேர்வதில்லை. என்னைத் தடுமாற வைப்பது புள்ளியின் அளவுதான். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் படம் அச்சடித்ததுபோல உயிரற்றுத் தெரிகிறது. ஓரத்தை நோக்கிப் பெரிதாக்கினாலோ புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டி, சுழல்களே மறைந்துவிடுகின்றன.

புள்ளிக் கலையிலோ மண்டலா ஓவியத்திலோ பழகியவர்கள் சொல்லுங்கள்: இடைவெளியையும் சேர்த்து விரிக்க வேண்டுமா, அல்லது அளவை மாற்றாமல் நிறத்தின் அடர்த்தியை மட்டும் கூட்டலாமா? மை பரவாத தாள் எது என்றும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். உங்கள் ஓவியங்களின் படங்களையும் பகிருங்கள்.