லிப்டன் சீட்டில் ஏறாத புது ஹேன்டில்

குழு: பாட்டி வீட்டுப் பட்டாளம்

சனிக்கிழமை

சின்னவன், மாலை 5.12
ஹட்டன் மாமா இருக்கிறாரா? சைக்கிளுக்கு ஹேன்டிலும், அதை முன்பக்கத்தோடு இணைக்கிற ஸ்டெம்மும் மாற்றினேன். இன்று காலை தம்பேத்தன்னை தேயிலை ஸ்டோரில் இருந்து மலை உச்சி லிப்டன் சீட் வரை ஏறி இறங்கினேன். இறக்கத்தில் ராஜா. ஏற்றத்தில் மானம் போனது.

கண்டி அக்கா, 5.14
விழுந்தாயா?

சின்னவன், 5.14
விழவில்லை. வடிகால் கானுக்குள் இறங்கினேன்.

கண்டி அக்கா, 5.15
அதற்குப் பெயர்தான் விழுவது.

அம்மா, 5.15
எந்தக் கான்? என்னிடம் கால் வலி என்று மட்டும்தானே சொன்னாய்? முழங்காலைப் படம் எடுத்துப் போடு.

ஹட்டன் மாமா, 5.31
வேலையில் இருந்தேன். பழைய அளவு என்ன, புதிய அளவு என்ன?

சின்னவன், 5.33
ஸ்டெம் 100 மி.மீ. இருந்தது, இப்போது 35. ஹேன்டில் 640 இருந்தது, இப்போது 800.

ஹட்டன் மாமா, 5.34
அடே, ஒரே நாளில் இரண்டையுமா? எது என்ன செய்தது என்று இனி எப்படித் தெரியும்? சரி, 35 என்றால் எந்த 35? நீளமா, ஹேன்டிலைப் பிடிக்கிற இடத்தின் விட்டமா?

சின்னவன், 5.36
நீளம். கடையிலும் இதே குழப்பம்தான். முதலில் 35 விட்டத்து ஹேன்டிலை எடுத்துத் தந்துவிட்டார்கள், ஸ்டெம்முக்குள் போகவில்லை. இப்போது இரண்டும் 31.8 விட்டம்.

ஹட்டன் மாமா, 5.37
நல்லது. ஏறும்போது என்ன நடந்தது?

சின்னவன், 5.40
செங்குத்தான வளைவுகளில் முன் சக்கரம் நிலத்தில் இருக்க மாட்டேன் என்றது. மிதித்தால் தூக்குகிறது, இடமும் வலமும் அலைகிறது. ஒரு வளைவில் கல்லைத் தவிர்க்கத் திருப்பினேன், சக்கரம் திரும்பியது, சைக்கிள் திரும்பவில்லை. அப்புறம் கான். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்காமார் எல்லோரும் பார்த்தார்கள்.

ஹட்டன் மாமா, 5.52
கேள். உன்னுடையது 26 அங்குலச் சக்கரம் வந்த காலத்துப் பிரேம். முன்பக்கம் கட்டை. 90, 100 ஸ்டெம் போட்டு ஓட்டுவதற்கென்றே செய்தது. நீ 100ஐ எடுத்து 35 போட்டதும் கை ஆறரை சென்டிமீட்டர் பின்னால் வந்துவிட்டது. கை வந்தால் நெஞ்சும் வரும், பாரம் பின் சக்கரத்துக்குப் போகும். ஏற்றத்தில் பாரம் ஏற்கனவே பின்னால்தான். பிறகு முன் சக்கரம் எதை நம்பி நிலத்தைப் பிடிக்கும்?

இப்போது வருகிற பிரேம்கள் வேறு. முன்பக்கம் நீளம், முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க் 64, 65 டிகிரிக்குச் சாய்ந்திருக்கும். அவற்றில் 35, 40 ஸ்டெம் சரியாக உட்காரும். அடுத்தவன் சைக்கிளில் இருக்கிறதே என்று உன் சைக்கிளில் போட்டால் இப்படித்தான்.

சின்னவன், 5.54
ஆனால் இறக்கத்தில் நன்றாக இருந்ததே மாமா. முன்பு கல் ரோட்டில் தலைகுப்புறப் போகிற மாதிரி இருக்கும்.

ஹட்டன் மாமா, 5.59
அதுவும் அதே காரணம்தான். 100இல் உன் பாரம் முன் சக்கரத்துக்கு மேல் தொங்கியது, பின்னால் வந்ததும் பயம் போய்விட்டது. மிச்சம் ஹேன்டிலின் வேலை. பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய லொறியில் ஸ்டியரிங் வீல் ஏன் அவ்வளவு பெரிது? கல் சக்கரத்தைத் திருகப் பார்க்கும்போது அகலமான பிடியில் இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் 800 உன் தோளுக்கு அதிகம். கை விரிந்து, நெஞ்சு தாழ்ந்து, சாயங்காலம் தோள்பட்டை வலித்திருக்குமே?

சின்னவன், 6.01
கழுத்தும் சேர்ந்து. கவ்வாத்து வெட்டிய தேயிலை மலைக்குள் குறுக்குப் பாதையில் வந்தபோது இரண்டு பக்கமும் குச்சி விரல் முட்டியைக் கீறிவிட்டது.

அம்மா, 6.02
இதையும் இப்போதுதான் சொல்கிறாய்.

சின்னவன், 6.04
இன்றைக்கே இரும்பறுக்கும் வாளால் ஹேன்டிலை இரண்டு பக்கமும் வெட்டிவிடவா?

ஹட்டன் மாமா, 6.06
கையை எடு! கவ்வாத்து வெட்டினால் செடி துளிர்க்கும், ஹேன்டில் துளிர்க்காது. முதலில் கிரிப்பையும் பிரேக்கையும் பக்கத்துக்கு 20 மி.மீ. உள்ளே தள்ளி இரண்டு நாள் ரோட்டில் மட்டும் ஓட்டு. நுனி வெளியே நீட்டிக்கொண்டு மலைக்குள் போகாதே. அது 760. அது பிடித்தால் வெட்டு. பிடிக்காவிட்டால் ஐந்து ஐந்து மி.மீ. ஆகத் தள்ளிப் பார்.

சின்னவன், 6.09
சரி மாமா. இன்னொன்று. முன் பிரேக் பிடித்தால் டக் டக் என்கிறது.

ஹட்டன் மாமா, 6.09
அதை முதலில் சொல்ல வேண்டாமா!

ஹட்டன் மாமா, 6.11
முன் பிரேக்கை இறுக்கிப் பிடி. மற்றக் கையின் விரலை பிரேமும் போர்க்கும் சேருகிற இடுக்கில் வை. சைக்கிளை முன்னும் பின்னும் அசை.

சின்னவன், 6.18
இடுக்கு திறந்து மூடுவது விரலில் தெரிகிறது. ஸ்டெம்மின் மேல் மூடி போல்ட்டை இனிமேல் முடியாது என்கிற அளவுக்கு இறுக்கியும் நிற்கவில்லை.

ஹட்டன் மாமா, 6.19
மூடியைக் கழற்றிப் படம் போடு.

சின்னவன், 6.24
[படம்]

ஹட்டன் மாமா, 6.30
நினைத்தேன். ஸ்டெம்முக்குள் ஏறி வருகிற போர்க் குழாயும் ஸ்டெம்மும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. புது ஸ்டெம்மின் உயரம் பழையதைவிடக் குறைவு. அதனால் மூடி குழாயில் போய் முட்டி நிற்கிறது, ஸ்டெம்மைக் கீழே அழுத்தவே இல்லை. குழாய் 2, 3 மி.மீ. உள்ளே இறங்கி இருக்க வேண்டும். 5 மி.மீ. ஸ்பேசர் வளையம் ஒன்றை ஸ்டெம்முக்கு மேலே போடு. அப்புறம் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்து, மேல் மூடியை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கு, சக்கரத்துக்கு நேராக ஸ்டெம்மை வை, பிறகு பக்கவாட்டு போல்ட்டுகள். ஸ்டெம்மைப் பிடித்துக்கொண்டிருப்பவை அவைதான், மூடி இல்லை. எவ்வளவு இறுக்க வேண்டும், எத்தனை நியூட்டன் மீட்டர் என்று ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும், அலன் கீயில் பலத்தைக் காட்டாதே.

கண்டி அக்கா, 6.33
இந்த ஆட்டத்தோடா லிப்டன் சீட்டில் இருந்து இறங்கினாய், ராஜா?

ஹட்டன் மாமா, 6.36
என் டப்பாவில் 60 ஸ்டெம் ஒன்று கிடக்கிறது. நாளைக்குப் பெரியப்பா பதுளை ரயிலில் வருகிறார், கொடுத்து விடுகிறேன். போடும்போது கீழே இருக்கிற 10 மி.மீ. ஸ்பேசர் ஒன்றை எடுத்து மேலே வை. ஹேன்டில் தாழும், கையும் 3, 4 மி.மீ. முன்னால் போகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை

சின்னவன், காலை 11.20
60 போட்டேன், ஸ்பேசர் மாற்றினேன், நேற்று 760க்கு வெட்டினேன். இன்று அதே வளைவில் சக்கரம் தூக்கவில்லை. ஒரே இடத்தில் மட்டும் சீட்டின் நுனிக்கு வந்து குனிந்து மிதித்தேன். இறக்கத்தில் போன வாரத்து ராஜா இல்லை, மந்திரி அளவுக்கு இருக்கலாம். டக் டக் இல்லை.

அம்மா, 11.22
கான்?

சின்னவன், 11.22
பக்கத்தில்கூடப் போகவில்லை அம்மா.

கண்டி அக்கா, 11.40
அந்த 35 சும்மாதானே கிடக்கிறது? என்னுடையது புதுப் பிரேம்தான், 50 இருக்கிறது. அனுப்பு, போட்டுப் பார்க்கிறேன்.

ஹட்டன் மாமா, 11.41
முதலில் உன் ஸ்டெம்மின் உயரத்தை அளந்து சொல்.